அய்யலுசாமி திருப்பிக் கொண்டுவந்த நாய்

உகந்தம்மாளின் மடத்துக்கு அய்யலுசாமி மறுபடி வந்தபோது ஒரு கையில் நாய்ச் சங்கிலி, இன்னொரு கையில் வேலங்கம்பு. முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

சீடனுக்கு நாற்பத்தைந்து வயது. குருவுக்கு முப்பத்தாறுதான். அதை அவன் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. மூக்குக்கு மேல் வரும் கோபத்தை அடக்கத்தான் அவரைத் தேடி வந்தான். எட்டு வருஷம் ஆகிறது. அவன் வரும்போதெல்லாம் கோபமும் கூடவே வந்து, கூடவே வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு கேள்வியோடு வந்திருந்தான்.

"தாயே, வீடு காட்டுக்குள்ள தனியாக் கிடக்கு. காவலுக்கு ஒரு நாய் வேணும். குட்டியா வாங்கவா, பழகின வேட்டை நாயா வாங்கவா?"

"யாருக்கு?"

"குடும்பத்துக்குத்தான்."

"அப்ப குடும்பத்தைக் கேளு" என்றார் உகந்தம்மாள்.

அவன் கேட்கவில்லை. ஏழு வயது மகள் வடிவு, குட்டிதான் வேணும் என்று காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சியிருக்கிறாள். குட்டி வளர்ந்து குரைப்பதற்குள் திருடர்கள் வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவன் கணக்கு. நேரே ஒரு வேட்டைக்காரரிடம் போனான். அந்தப் பக்கம் வேட்டை நாயை விலைக்குக் கொடுப்பதில்லை. சாகும்வரை கைவிட மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள். அய்யலுவும் படீரென்று அடித்துக் கொடுத்தான். அடிப்பதற்கு அவனிடம் கேட்பானேன்?

இப்போது அந்தச் சத்தியம் தொண்டையில் முள்ளாக நின்றது.

"இந்தச் சனியனைக் கொன்னு போடணும் தாயே. சத்தியத்துல இருந்து என்னை விடுவிங்க."

"என்ன செஞ்சது?"

"பிள்ளையைக் கீழ தள்ளி, கழுத்துல வாயை வச்சு அமுக்கிருச்சு! மூணு நாளா வடிவு கட்டிலுக்கு அடியிலயே கிடக்கா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கா."

"கடிச்சதா?"

"பல்லு படலை. அதுக்காக? குடும்பத்துல வச்சுக்கிற நாயா இது?"

சங்கிலியை வெட்டி இழுத்தான். நாய் முனகவில்லை. அதன் விலாவில் மூன்று தடிப்புகள் இருந்தன. உகந்தம்மாள் அதைப் பார்த்தார்.

"பிள்ளை அப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தா?"

"ஓடிக்கிட்டிருந்தா. சும்மா, விளையாட்டுக்கு."

"நீ?"

"நான்... அங்கதான் நின்னேன்."

மடத்து முற்றத்தில் ஒரு நாய்க்குட்டி குருவின் செருப்பைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. உகந்தம்மாள் எழுந்து வந்து, சங்கிலியை அவன் கையிலிருந்து பிடுங்கி, நாயை அவிழ்த்துவிட்டார்.

"அன்னைக்கு நின்ன மாதிரியே நில்லு."

"தாயே?"

"நில்லுங்கிறேன்! கம்பு எங்க இருந்தது?"

குரு இப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. கம்பு மெல்ல மேலே போனது.

"வாய் மூடியா இருந்தது? கத்து!"

கூச்சத்தோடுதான் ஆரம்பித்தான். ஆனால் பழகிய வாய் அல்லவா? "ஏய்ய்!" என்று அவன் போட்ட சத்தம் கண்மாய்க் கரை வரை போயிருக்கும். குட்டி செருப்பைப் போட்டுவிட்டு வெருண்டு ஓடியது.

நாய் பாய்ந்தது. நாலே எட்டில் குட்டியை மறித்துச் சாய்த்து, பல் படாமல் கழுத்தைக் கவ்வியது. தூக்கி வந்து அய்யலுவின் காலடியில் வைத்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தது.

முயல் வேட்டையில் இதுதான் முறை. ஆட்கள் கம்பை ஓங்கிப் புதரைத் தட்டிக் கத்துவார்கள். முயல் வெளியே ஓடும். கறி கெடாமல் நாய் கொண்டுவந்து போடும். முதல் ஈரல் துண்டு நாய்க்கு. அந்த ஊரில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். அய்யலுவுக்கும் தெரியும்.

அவன் கம்பை இறக்கினான். அன்றைக்கும் நாய் இதே மாதிரிதான் வாலை ஆட்டிக்கொண்டு பார்த்திருக்கிறது. அதற்குத்தான் அந்த மூன்று அடி.

உகந்தம்மாள் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"எதுக்குப் பிள்ளை மேல கம்பை ஓங்கினே?"

"தண்ணிக் குடத்தை உடைச்சிட்டா தாயே."

"பித்தளையா?"

"மண்குடம்."

உகந்தம்மாளுக்கே கோபம் மூக்குக்கு மேல் வந்தது. குட்டியைத் தடவிய கை மட்டும் நிற்கவில்லை. நாய் இன்னும் அய்யலுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி தாயே, என் தப்புதான்" என்றான் அவன். "இது வேட்டைக்காரர்கிட்டயே போகட்டும். பிள்ளை கேட்ட மாதிரி குட்டியே வளத்துக்கிறேன். குட்டிக்கு இந்த மாதிரி ஒண்ணும் தெரியாது பாருங்க. இதையே குடுங்க."

இரண்டு கைகளையும் நீட்டினான். கம்பு இன்னும் அக்குளில் இருந்தது.

உகந்தம்மாள் குட்டியைக் கொடுக்கவில்லை.

"ஒண்ணும் தெரியாதுதான். அந்த நாய் வேட்டைக்காரன்கிட்டப் படிச்சிட்டு வந்துச்சு அய்யலு. இது உன்கிட்டயில்ல படிக்கும்?"