பூட்டிய பெட்டியில் ஒரு வெற்றிலை

முதலில் தப்புச் செய்தவர் தானாதிபதி சங்கரமூர்த்திதான். இதை ஆவுடையப்பர் யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அரண்மனை விருந்தில், பாயசம் பரிமாற வரும் நேரத்தில், அவரை இலையிலிருந்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தன் மச்சானை உட்கார வைத்தவர் சங்கரமூர்த்தி. பாதிச் சாப்பாட்டில் எழுப்பப்பட்டவன் அதை மறந்தால் அவன் மனுஷனே இல்லை என்பது ஆவுடையப்பரின் கட்சி.

செங்குளம் ராஜாவுக்கு அவர் அடைப்பைக்காரர். ராஜா சாப்பிட்டு எழுந்ததும் வெற்றிலை மடித்துக் கொடுப்பதும், மென்று முடிக்கிறவரை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பதும் அவர் வேலை.

சமஸ்தான நிர்வாகம் சங்கரமூர்த்தி கையில். அந்த வருஷம் அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஊருக்கு ஊர் ஓடிக் கடிதமும் சாமானும் சேர்க்கும் சமஸ்தானத்து ஓட்டக்காரர்கள் எதைச் சுமந்தாலும், ஒவ்வொரு பொருளையும் தனித்தனி மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, அரக்கு முத்திரை போட வேண்டும். பெட்டிக்கூலி ஒரு பணம். ராஜா வீட்டுப் பொருளுக்கும் விலக்கில்லை. இந்தக் கடைசி வரியைக் கேட்டு ராஜா பூரித்துப் போனார். பெட்டிப் பட்டறை யாருடையது என்று கேட்க மறந்துவிட்டார். பாயசம் குடித்த அதே மச்சானுடையது.

ஊசி, நூல், பாசிமணி விற்கும் செம்பகம் ஆவுடையப்பரைத் தேடி வந்தாள். வெளியூர்ப் பெண்கள் ஓட்டக்காரனிடம் வேண்டியதைச் சொல்லியனுப்புவார்கள். இவள் சாமானை அவன் பையிலேயே போட்டு அனுப்புவாள். அதுதான் அவள் பிழைப்பு.

"ஊசி அரைக் காசு, பெட்டி ஒரு பணம். யாரு வாங்குவா அண்ணாச்சி? இந்த மாசம் போனது ஒரே ஒரு ஊசி."

"அது யாருக்கு?"

"தானாதிபதி வீட்டு அம்மாவுக்கு. காது சின்னதா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. திரும்பி வந்த பெட்டிக்கும் கூலி என் தலையிலதான். இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா கடையை மூடிட வேண்டியதுதான்."

ஆவுடையப்பர் விஷயத்தை ராஜாவிடம் சொன்னார்.

"ஒருத்தி அழுதாளென்று சட்டத்தை மாற்றினால் நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?" என்றார் ராஜா. "அது தப்பென்று என் வாயாலேயே சொல்ல வையும் ஓய். மாற்றுகிறேன்."

பக்கத்தில் நின்ற சங்கரமூர்த்தி மீசையைத் தடவினார். "அடைப்பைக்காரருக்கு ஊசி வியாபாரத்தில் பங்கோ?"

"எனக்குப் பங்கு பாயசத்தில்தான். அது இன்னும் வரவில்லை."

மறுநாள் பக்கத்து சமஸ்தானத்துத் தூதர்கள் வந்திருந்தார்கள். விருந்து முடிந்து சபையில் அமர்ந்த ராஜா, வழக்கம்போலப் பாக்கை வாயில் போட்டுக்கொண்டு வெற்றிலைக்குக் கையை நீட்டினார். கையில் ஒன்றும் வந்து விழவில்லை.

"ஆற்றுக்கு அக்கரை வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து ஓட்டக்காரன் வந்துகொண்டே இருக்கிறான் மகாராஜா" என்றார் ஆவுடையப்பர்.

ஓட்டக்காரன் வந்தான். தலையில் ஒரு பெட்டி. பூட்டு, அரக்கு, முத்திரை, எல்லாம் ஒழுங்காக இருந்தன. உள்ளே ஒரே ஒரு வெற்றிலை.

"திற" என்று ராஜா சைகை காட்டினார். பாக்கு புதுப்பாக்கு. நெஞ்சை அடைக்க ஆரம்பித்திருந்தது.

"சாவி தனிப் பெட்டியில் வருகிறது மகாராஜா. சாவியும் ஒரு பொருள்தானே" என்றார் ஆவுடையப்பர்.

இரண்டாவது பெட்டி வந்தது. அதுவும் பூட்டியிருந்தது.

"இதன் சாவி?" என்று ஒரு தூதர் ஆர்வமாகக் கேட்டார்.

"அது மூன்றாவது பெட்டியில். சுண்ணாம்பு நாலாவதில்."

ராஜாவுக்கு வியர்த்தது, தலை சுற்றியது. தூதர்கள் முன்னால் துப்பவும் முடியாது. ஆனாலும் எச்சில் துப்பும் படிக்கத்தைத் தேடிக் கண்ணைச் சுழற்றினார்.

"படிக்கத்தை மெருகு போடக் கொடுத்திருந்தது. அதுவும் பெட்டியில்தான் வருகிறது. விலக்கில்லை என்று தானாதிபதி போட்டிருக்கிறாரே."

சங்கரமூர்த்தி மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு" என்றார் ராஜா, பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கி. "சட்டம் தப்பு. வெற்றிலையைக் கொடும்."

ஆவுடையப்பர் தன் மடியிலிருந்து சுண்ணாம்பு தடவி மடித்த வெற்றிலையை எடுத்து நீட்டினார். "காலையில் நானே ஆற்றைத் தாண்டிப் போய்ப் பறித்தது. ஓட்டக்காரன் தொடவில்லை. சட்டத்துக்குள் வராது."

ராஜா மென்றார். மூச்சு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அன்றே சட்டம் மாறியது: சில்லறைச் சாமானுக்குப் பெட்டியும் கூலியும் வேண்டாம், அந்தப் பக்கம் போகிறவர் பையில் போட்டு அனுப்பினால் போதும்.

"உமக்கு என்ன வேண்டும் ஓய்?"

"அன்றைக்கு என் இலைக்கு வராத பாயசம். தானாதிபதி தம் கையால் அனுப்பி வைக்க வேண்டும்."

"அனுப்பும்" என்று ராஜா உத்தரவிட்டார். சங்கரமூர்த்தி குனிந்து வணங்கி, "ஆகட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. சங்கரமூர்த்தியை எங்கே பார்த்தாலும் ஆவுடையப்பர் கேட்பார், "பாயசம் என்ன ஆச்சு?"

"சில்லறைச் சாமான்தானே அண்ணாச்சி" என்பார் சங்கரமூர்த்தி. "நீங்கள் போட வைத்த சட்டப்படி, அந்தப் பக்கம் போகிறவர் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். உங்கள் தெருப்பக்கம் இன்னும் ஒருவரும் போகவில்லை."

செம்பகத்தின் ஊசிகள் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போகின்றன. ஆவுடையப்பர் பாயசத்துக்கென்று ஒரு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.