வாலாட்டி திட்டாத காலை

பைன் காட்டு மேட்டில் கடமான்கள் கூட்டமாக நின்றன. எல்லாவற்றுக்கும் தாகம். கீழே பள்ளத்தாக்கில் ஆறு. கோடையில் அது வற்றிப்போய் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் கிடந்தது. ஆனால் ஒரு மானும் இறங்கவில்லை. முயல் திரும்பி வர வேண்டுமே!

அந்தக் காட்டு வழக்கம் அப்படி. விடிந்ததும் முயல் ஓட வேண்டும். பைன் சரிவில் இறங்கி, கூழாங்கல் கரையைத் தாண்டி, மடுவைச் சுற்றிவிட்டு மேட்டுக்கு வர வேண்டும். அங்கங்கே நின்று, பின்னங்காலில் எழுந்து, காதைத் தூக்கிக் கேட்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும். வந்து "வழி சரி!" என்று சொன்ன பிறகுதான் மான்கள் இறங்கும். பதிலுக்கு, ஆபத்து வந்தால் முயல்களைத் தங்கள் கால்களுக்கு நடுவே விட்டுக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஒழுங்காகச் செய்தால்.

அந்தக் கோடையில் இந்த வேலையைச் செய்த முயலின் பெயர் விசுக்கன். அவனுக்கு ஒரு பயம் இருந்தது. செந்நாய் பயம் இல்லை. மெதுவாக ஓடினால் இந்த வேலையை மான்கள் குட்டையன் என்கிற இன்னொரு முயலுக்குக் கொடுத்துவிடுமோ என்ற பயம். அதில் அவனுக்குச் சரியாகத் தூக்கம்கூட வருவதில்லை.

மான்களும் ஒருநாள்கூடச் சும்மா இருக்கவில்லை.

"டேய் விசுக்கா, நேத்து என்ன ஆடி அசைஞ்சு வந்த? எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு!" என்றது பெரிய கொம்பு மான்.

"குட்டையன் இவனைவிட வேகமாமே!" என்றது இன்னொன்று.

போதாதா? விசுக்கன் நிற்பதை விட்டுவிட்டான். மோந்து பார்ப்பதையும் விட்டுவிட்டான். ஓட்டம், ஓட்டம், ஓட்டம் மட்டும்தான்.

கூட்டத்தில் பூரணி என்று ஒரு தாய் மான். குட்டி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்தது. பால் இல்லை.

"இரு கண்ணு. அம்மா தண்ணி குடிச்சாத்தான் பால் வரும்" என்றது பூரணி. சொல்லும்போதே அதன் காதுகள் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பித் திரும்பி அலைந்தன.

அன்று காலையும் விசுக்கன் சரிவில் பாய்ந்தான். பைன் காட்டில் ஓடுவது சுகம். கீழே புதர் கிடையாது. காய்ந்த ஊசியிலை மெத்தை மாதிரி கிடக்கும். காலடிச் சத்தமே கேட்காது. தன் காலடி கேட்காத இடத்தில் அடுத்தவன் காலடியும் கேட்காது. அதை அவன் யோசிக்கவே இல்லை.

கரையில் ஒரு வெள்ளைப் பாறை. தினமும் அதன்மேல் ஒரு வாலாட்டிக் குருவி உட்கார்ந்திருக்கும். வாலை ஆட்டி ஆட்டி, "கண்ணு பின்னாடியா இருக்கு? ஒதுங்கிப் போடா!" என்று திட்டும். விசுக்கனும் முனகிக்கொண்டே சுற்றிப் போவான்.

அன்றைக்குப் பாறை காலி.

"அப்பாடா! வாயாடி இல்ல!" விசுக்கன் நேராகத் தாவிப் போய்விட்டான்.

பாறைக்குப் பின்னால் செந்நாய்கள் வயிறு தரையில் ஒட்டப் படுத்திருந்தன.

"அண்ணே! மூக்குக்கு முன்னாடி போகுதே! பிடிக்கட்டுமா?" என்றது சின்னச் செந்நாய்.

"மூடுடா வாயை! அதைப் பிடிச்சா ஆளுக்கு ஒரு வாய்கூட தேறாது. அது மேல போய் வழி சரின்னு சொல்லட்டும். மானுங்க தானா நடந்து வரும்!" என்றது தலைவன்.

விசுக்கன் மேட்டுக்கு வந்தான். "வழி சரி!"

"அடேயப்பா! இன்னைக்குத்தான்டா நீ முயல்!" என்றது கொம்பு மான். கூட்டம் இறங்க ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் பூரணி. ஒட்டிக்கொண்டு குட்டி.

விசுக்கனுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்திலேயே குதித்துக்கொண்டு வந்தான். "பாத்தியா அக்கா என் வேகத்தை! அந்த வாலாட்டிகூட இல்ல. நேரா வந்துட்டேன்!"

பூரணி நின்றுவிட்டது. தூக்கிய முன்னங்கால் அப்படியே நின்றது.

"வாலாட்டி இல்லையா? எங்க போச்சு?"

"பறந்திருக்கும்."

"எதைப் பாத்துப் பறந்துச்சு?"

விசுக்கன் திரும்பிக் கீழே பாறையைப் பார்த்தான்.

"மடுவுகிட்ட தவளை கத்துச்சா?"

"கவனிக்கலக்கா."

"மோந்து பாத்தியா?"

பின்னாலிருந்து கொம்பு மான் முட்டியது. "என்னம்மா நின்னுட்ட? நகரு! தாகம் உயிர் போகுது!" சரிவில் கூட்டம் மொத்தமும் நெருக்கியது. ஊசியிலையில் குளம்பு வழுக்கியது. குட்டி ஓரடி கீழே சறுக்கியது. அப்புறம் இன்னும் ஓரடி.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? விசுக்கன் குட்டியைப் பார்த்தான்.

"நான் மோந்து பாக்கல! எங்கேயும் நிக்கல! வழி சரியான்னு எனக்குத் தெரியாது!" என்று கத்தினான்.

"அப்போ பொய்யாடா சொன்ன?" என்றது கொம்பு மான்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. அதான் சரின்னு நினைச்சேன்! அப்புறம் திட்டு! முதல்ல மேல ஏறுங்க!"

கீழே ஒரு சீழ்க்கை கேட்டது. செந்நாய்ச் சீழ்க்கை! மான்கள் திரும்பி ஓடின. பூரணி குட்டியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டே ஏறியது. இறங்கும்போது பின்னால் வந்தவர்கள் ஏறும்போது முன்னால். விசுக்கன்தான் கடைசி. ஒளியலாம் என்றால் ஒரு புதர்கூட இல்லை. சின்னச் செந்நாய் ஒரு கவ்வு கவ்வியது. வாலில் பாதி போயே போய்விட்டது.

மேட்டில் கொம்பு மான்கள் குட்டியை நடுவில் விட்டு வட்டம் கட்டின. கொம்புகள் வெளியே பார்த்தன. விசுக்கன் பெரிய கொம்பு மானின் காலுக்கு இடையில் விழுந்தான். அது அவனை உதைத்துத் தள்ளவில்லை.

செந்நாய்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டன. "உன்னை அப்பவே தின்னிருக்கணும்!" என்று சின்னது போகும்போது கத்தியது.

கொம்பு மான் மூச்சு வாங்கியது. "நாளைலேர்ந்து குட்டையன் ஓடட்டும்!"

"நானா? ஆளை விடுங்க சாமி!" பொந்திலிருந்து எட்டிப் பார்த்த குட்டையன் மறுபடியும் உள்ளே போய்விட்டான்.

சாயங்காலம் விசுக்கன் தானாகவே இறங்கினான். நின்றான். கேட்டான். மோந்து பார்த்தான். பாறைமேல் வாலாட்டி உட்கார்ந்திருந்தது.

"காலையில மரத்து மேலேர்ந்து தொண்டை கிழியக் கத்துனேன். எங்கடா நின்ன நீ கேக்கறதுக்கு? ஒதுங்கிப் போடா!"

விசுக்கன் ஒதுங்கிப் போனான். அன்று மான்கள் இருட்டுவதற்குள் தண்ணீர் குடித்தன. பூரணியின் குட்டி வாயில் நுரை தள்ளப் பால் குடித்தது.

மான்கள் திருந்திவிட்டன என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் மேட்டில் நின்று, "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றுதான் கத்துகின்றன.

"வாலாட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு வர்றேன்! அது திட்டுனாத்தான் வழி சரி!" என்று பாதி வாலை ஆட்டிக்கொண்டு சொல்கிறான் விசுக்கன்.

தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களிடம் வழி நல்லது என்று சொல்லக் கூடாது.