நாலாம் கட்டில்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தது சமையலறைக்கு வேண்டிய ஹீப்ரு மட்டும். இஸ்ரேலில் ஸெஹாவா என்ற வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் இருக்கும்வரைதான் எனக்கு இங்கே வேலை.

அவருக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய வாரத்தில் டாக்டர்கள் வேலைநிறுத்தம். யூத டாக்டர், அரபு டாக்டர் எல்லோரும் ஒரே போராட்டக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வார்டில் ஒரு நாளைக்கு ஒரே அறுவைக்குத்தான் டாக்டர் சங்கம் அனுமதித்தது.

தலைமை டாக்டர் தீர்ஸா. அவரிடம் தொழில் பழகிய இருவர், யூதரான நதாவும் அரபுப் பெண்ணான லுப்னாவும். அன்றைய அறுவையை நதாவ் ஸெஹாவா அம்மாவுக்காகக் கேட்டார். லுப்னா, வயிற்றில் கட்டியோடு நாலாம் கட்டிலில் கிடந்த பாலஸ்தீனச் சிறுமிக்காகக் கேட்டார். அந்தப் பிள்ளையின் தாய் அவளை மடியில் போட்டுத் தலையைக் கோதிக்கொண்டே இருப்பாள். என் மகள் ஊரில் இருக்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

நதாவுக்கும் லுப்னா மேல் எரிச்சல்தான்.

"எப்போதும் லுப்னா பேச்சுதான் உங்களிடம் எடுபடுகிறது," என்றார் தீர்ஸாவிடம். "ஒரு வார்டுக்குள்ளேயே இப்படி. இந்த இரண்டு சனத்துக்கும் சமாதானம் வருமா, தீர்ஸா?"

"நாலாம் கட்டிலில் இருப்பவள் பெயர் என்ன?" என்று கேட்டார் தீர்ஸா.

நதாவ் லுப்னாவைப் பார்த்தார்.

"அவளைப் பார்க்காதே. போய் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார். லுப்னா, நீ ஸெஹாவாவிடம் போ."

வெகுநேரம் கழித்து இருவரும் வந்தார்கள். பெயர் ரீமாஸ் என்றார் நதாவ். பொம்மையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தன் வயிற்றைத் தொட விடுகிறாளாம். எல்லை தாண்டி வரக் கொடுத்த அனுமதி இன்றோடு முடிகிறது, இன்று அவளுக்குத்தான் செய்ய வேண்டும் என்றார். லுப்னா விடவில்லை. ஸெஹாவாவுக்கு வலி அதிகம், கூட இருக்கும் நான் பயந்துவிடுவேன் என்று மறைக்கிறார், அவருக்குத்தான் முதலில் என்றார்.

தீர்ஸா கை கழுவ எழுந்தார். இன்று ரீமாஸ், நாளை ஸெஹாவா, அதுவரை லுப்னா அவரைவிட்டு நகரக்கூடாது என்றார்.

நதாவ் பின்னாலேயே போனார். "அப்படியானால், சமாதானம் வரும் என்கிறீர்களா?"

"ஒரு பெயரைத் தெரிந்துகொள்ள உனக்கு ஒரு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது, நதாவ்."

அவரும் பக்கத்தில் நின்று கை கழுவினார்.

ஸெஹாவா அம்மாவின் மகன் அரபுக்காரரோடு நடந்த போரில் செத்தவர். தனக்குப் பதில் யாரை அறுவைக்குக் கொண்டுபோனார்கள் என்று அம்மா என்னிடம் கேட்டார்.

"ஸ்ட்ரைக் அம்மா, அதனால்தான் நாளைக்கு," என்று மட்டும் சொல்லி, ரீமாஸ் பெயரை விழுங்கி, போர்வையை இழுத்துவிட்டேன்.