மூன்று தோள் கேட்டவர்

காவிரியின் தென்கரையில் திருக்கொன்றையூர் என்று ஓர் ஊர். அங்கே நெல் மண்டியில் மூட்டை சுமந்து பிழைத்தவர் வேம்பனார். விடியுமுன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சிவன் கோயில் வாசலில் ஐயனைக் கும்பிட்ட பிறகுதான் முதல் மூட்டையைத் தொடுவார். அவரும் அவர் மனைவி சொக்கியாரும் ஏற்றுக்கொண்ட தொண்டு ஒன்று உண்டு. யாத்திரை வந்த இடத்தில் நோயில் விழுந்தவர்களையும், சத்திரத்து மூலையில் கிடக்கும் பிச்சைக்காரர்களையும் சொக்கியார் கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொள்வார். அவர்கள் இறந்துபோனால் இருவருமாகக் குளிப்பாட்டிக் கோடித் துணி போர்த்துவார்கள். வேம்பனார் பச்சை மூங்கிலில் பாடை கட்டுவார்.

பாடைக்கு நான்கு தோள் வேண்டும். இருப்பதோ ஒன்று. ஆகவே வேம்பனார் வீடு வீடாகப் போய், "மூணு தோள் வேணும் சாமி" என்று கேட்பார். அரிசி கேட்டால் போடுகிற ஊர்தான் அது. தோள் கேட்டால் மட்டும் எந்த வீட்டிலும் ஆள் இருக்காது. "சுடுகாட்டு வேம்பன் வர்றான், கதவைச் சாத்து" என்று உள்ளே சிரிப்பது வெளியே கேட்கும். "இன்னிக்கு வரலேன்னா இன்னொரு நாள் வருவாங்க. நம்ம ஊர்தானே" என்பார் சொக்கியார். எதைக் கண்டு அந்த அம்மை அப்படி நம்பினாரோ, எனக்குத் தெரியவில்லை. யாரும் வராதபோது வேம்பனார் உடலைத் தம் ஒரு தோளிலேயே போட்டுக்கொண்டு, சிவநாமம் சொல்லியபடி சுடுகாட்டுக்கு நடப்பார்.

இதே ஊர், சாமி பல்லக்கு என்றால் தோள் கொடுக்க அடித்துக்கொள்ளும். பங்குனி உத்திரத்தன்று ஐயனும் பிள்ளையாரும் முருகப்பெருமானும் மூன்று பல்லக்கில் உலா வருவார்கள். முன்தண்டு யாருக்கு என்ற சண்டையில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன வீடுகள்கூட அங்கே உண்டு.

ஓர் ஆண்டு அந்த உத்திரத்தன்று காலையில் சொக்கியார் இறந்தார். சத்திரத்து நோயாளி ஒருவரின் காய்ச்சல் அவருக்கும் தொற்றியிருந்தது. அவர்கள் குடிசை கோயில் மதிலை ஒட்டிய சந்தில் இருந்தது. அங்கே பிணம் கிடந்தால், அதை எடுக்கும் வரை நடை திறப்பதில்லை, நைவேத்தியம் கிடையாது என்பது வழக்கம். கொஞ்ச நேரத்தில் ஊரே சந்தில் கூடிவிட்டது. துக்கம் கேட்கத்தான் வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

கோயில் காரியம் பார்த்த ஆதிச்சர் முன்னால் வந்தார். "வேம்பா, நேரமாகுதப்பா. சீக்கிரம் எடுத்துடு. சாமி பட்டினியா கிடக்கு."

"எடுத்துடலாங்க. மூணு தோள் குடுங்க" என்றார் வேம்பனார்.

பல்லக்குத் தூக்க வேட்டியை வரிந்து கட்டியிருந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாடையைத் தொட்டவன் அன்று பல்லக்கைத் தொடக்கூடாது. கும்பலில் ஒருவன் சொன்னான்: "நீதான் தனியாவே தூக்கிப் பழகினவனாச்சே."

வேம்பனார் அவனை நிமிர்ந்து பார்த்தார். "தூக்கினேன் தம்பி. அவங்கெல்லாம் யாருமில்லாதவங்க. இவ அப்படியா? இந்த ஊரை நம்பி இருந்தவ. அநாதை மாதிரி இவளைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போக எனக்கு மனசு வரலே."

சொல்லிவிட்டுப் பாடையின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. வண்டியில் போட்டு இழுக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். ஐயன் இன்னும் சாப்பிடவில்லையே என்று கண் கலங்கியவர்களும் இருந்தார்கள். அந்த அம்மைக்காகக் கலங்கிய கண் ஒன்றுமில்லை. "நீயே பார்த்துக்கோ ஐயனே" என்று வேம்பனார் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். உடம்பெல்லாம் நீறு பூசிய பெரியவர் ஒருவர். தொந்தியும் தொப்பையுமாக ஒருவர். மீசை அரும்பாத இளைஞர் ஒருவர்.

"தோள் வேணுமாமே?" என்றார் பெரியவர்.

"நீங்க எந்த ஊருங்க?"

"இதே ஊர்தான். இவங்க என் பிள்ளைங்க. எங்களைத் தூக்கத்தான் இவ்வளவு பேரும் காத்துக்கிட்டிருக்காங்க. நாங்க சும்மாதானே இருக்கோம்னு வந்தோம்."

வேம்பனார் துக்கத்தில் இருந்தார். அந்தப் பேச்சை யோசிக்கவில்லை. நால்வருமாகச் சொக்கியாரைச் சுமந்துபோனார்கள். தீ வைத்து, ஆற்றில் முழுகி எழுந்து பார்த்தால் மூவரையும் காணோம்.

இங்கே அவசர அவசரமாக நடை திறந்தார்கள். உள்ளே போன குருக்கள் போன வேகத்தில் வெளியே ஓடிவந்தார். உலாத் திருமேனிகள் மூன்றிலும் தோள் மாலை நசுங்கிக் கிடந்தது. பச்சை மூங்கிலின் சிராய் ஒட்டியிருந்தது. பாதங்களில் சுடுகாட்டுச் சாம்பல்.

ஊர் அழுதிருக்க வேண்டும். ஆதிச்சர் மெல்லக் கேட்டார்: "அப்ப, சாமிக்கும் தீட்டுத்தானே?"

எழுதக் கை கூசுகிறது. சுடலையிலேயே குடியிருப்பவருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சுடலைத் தீட்டைக் கழித்தார்கள். பட்டு உடுத்தி, பல்லக்கில் ஏற்றி, தோள் கொடுத்தார்கள். பல்லக்கு அசையவில்லை. ஆள் மாற்றி ஆள் முக்கிப் பார்த்தார்கள். அப்போது கருவறையிலிருந்து குரல் ஒன்று எழுந்தது:

"எங்கள் வீட்டுப் பெண் போய்விட்டாள். துக்கத்தில் இருக்கிறோம். துக்க வீட்டில் யாராவது ஊர்வலம் போவார்களா?"

ஈர வேட்டியோடு கோயில் வாசலில் நின்ற வேம்பனார் காதிலும் அது விழுந்தது. அதுவரை அழாதவர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

அந்த ஆண்டு உலா நடக்கவில்லை. பிறகு சத்திரத்தில் ஒரு கிழவர் இறந்தபோது வேம்பனார் வழக்கம்போலத் தோள் கேட்டுப் போனார். மூன்று தோள் கேட்டவருக்கு முப்பது பேர் வந்தார்கள். பாதிப்பேர் பயத்தில் வந்தவர்கள், மீதிப்பேர் கிழவரோடு சாமியும் வரும், பார்த்துவிடலாம் என்று வந்தவர்கள். வேம்பனாருக்கு அது தெரியாமல் இல்லை. "எதுக்கு வந்தா என்ன, வந்தாங்களே" என்று தண்டைப் பிடிக்கும் விதத்தை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார். என்னால் அப்படி மன்னிக்க முடியாது. அதனால்தான் அவர் அடியார், நான் கதை சொல்கிறவன். வேம்பனாரின் தோளையும் சொக்கியாரின் கையையும் வணங்குவோம். வணங்கியபின், பாடை கட்டும் வீடு பக்கத்தில் இருந்தால் எழுந்து போவோம்.