ஒட்டிய தாள்கள்

"நீங்க என் நாவலைப் படிக்கவே இல்லை டீச்சர்."

வந்தவர் உட்காரக்கூட இல்லை. பெயர் மாசிலாமணி. மின்வாரியத்தில் மின்திருட்டைப் பிடிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மீட்டரில் சீல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார்.

அவருக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் குரு, பெனிட்டா; மாயாஜால நாவல்கள் எழுதுபவர். சீடருக்குக் குருவின் அப்பா வயது.

மாசிலாமணியின் நாவலில் ஓர் ஆமை ஊரையே முதுகில் சுமந்துகொண்டு கடலில் போகும். இரண்டு பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. பெனிட்டாதான், நீளத்தைக் குறையுங்கள், குறைத்தால் என் பதிப்பாளரிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

இதைவிட்டால் வேறு கதவு இல்லை. அதனாலேயே மாசிலாமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு சோறு பதம் பார்த்துவிட்டுப் பானையைக் கவிழ்க்கச் சொல்கிறாரோ? இல்லை, என்னை அலையவிட்டு ஆமையைத் தன் கதைக்கு ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாரோ?

"முழுசும் படிச்சேன் சார்."

"முழுசும்?"

"முழுசும்."

மாசிலாமணி சிரித்தார். மின்கம்பியில் கொக்கி போட்டுத் திருடியவனைக் கையும் களவுமாகப் பிடிக்கும்போது சிரித்த அதே சிரிப்பு.

மேசையில் இருந்த நாவலின் கைப்பிரதியைப் புரட்டி, நடுவில் விரலை வைத்துக் காட்டினார். அங்கே இரண்டு தாள்கள் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கொடுப்பதற்கு முன்னால் அவரே கோந்து தடவி ஒட்டியது. படித்திருந்தால் பிரிந்திருக்க வேண்டும்.

பெனிட்டா ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. தாள் கொஞ்சம் தடிமன் என்று நினைத்துப் புரட்டிவிட்டதாகச் சொன்னார்.

அதற்குள்ளேதான் ஆமையின் பூர்வீகம், வம்சம் எல்லாம் இருக்கிறது, அதற்கு மட்டும் ஒரு வருஷம் உழைத்தேன் என்றார் மாசிலாமணி. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"சரி, கதை எப்படி முடியுது? சொல்லுங்க பாப்போம்."

"ஆமைக்குத் தூக்கம் வருது. கடலுக்கு அடியில போகணும். சின்ன இளவரசி அது தலைகிட்ட குனிஞ்சு, நாங்க நீந்தக் கத்துக்கிற வரைக்கும் முழிச்சிருப்பியான்னு கேக்குறா." பெனிட்டா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அந்த இடத்துல அழுதுட்டேன் சார்."

கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டியிருக்கலாமே என்றார் மாசிலாமணி.

பெனிட்டா நாவலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒட்டின தாளுக்கு முன்னாடி இருக்கிற கடைசி வரி. பின்னாடி இருக்கிற முதல் வரி. சேர்த்து வாசிங்க."

"ஆமை கண்ணைத் திறந்தது." ஒட்டிய தாள்களை ஒன்றாகவே புரட்டினார். "இளவரசி பயப்படவில்லை."

இன்னொரு முறை வாசித்தார், மெதுவாக. நடுவில் எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை.

பிறகுதான் உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். அரசர்களின் வரிசை வந்த இடத்தில் நின்றார். கோட்டைகளின் அளவு வந்த இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

"டீச்சர், கோந்து இருக்கா?"