தேன் ஒட்டிய கிரீடம்

ஒரு காட்டில் நகை செய்யும் கரடி ஒன்று இருந்தது. பெயர் தொந்தியப்பன். கரடிக்கு எதற்கு நகை வேலை என்று கேட்காதீர்கள். அதற்கு அந்த வேலையில் கொள்ளை ஆசை, அவ்வளவுதான்.

ஒரு நாள் சிங்கராஜா அதைக் கூப்பிட்டது.

"நாளைக்கு எனக்குப் பிறந்தநாள். ஓடையில கிடக்கிற படிகக் கல்லைப் பொறுக்கி ஒரு கிரீடம் செய். நல்லா இருந்தா நீதான் அரண்மனை ஆசாரி. கல் உதிர்ந்துச்சோ, அப்புறம் நீ நகையைத் தொடவே கூடாது."

கரடி தலைகால் புரியாத சந்தோஷத்தோடு ஓடைக்கு ஓடியது. மூங்கில் பட்டையை வளைத்துக் கிரீடம் கட்டியது. கல் பதிப்பதுதான் பாக்கி. ஆனால் ஒவ்வொரு படிகமும் கடுகளவு. அதன் நகத்தால் ஒன்றை எடுத்தால் நாலு சிதறியது.

மீனுக்காக நின்றிருந்த கொக்குக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, உன் நகம் கிழங்கு தோண்டத்தான் லாயக்கு. நான் அலகால எடுத்துத் தர்றேன். ஒட்டுறதுக்கு அந்தப் புரச மரத்து அரக்கைக் கொண்டா. அனல்ல இளக்கி வச்சா கல் அசையாது."

கரடி அரக்கை நக்கிப் பார்த்தது. "சப்புன்னு இருக்கே, அக்கா."

"பசையை எதுக்குப்பா நக்குற? சரி, பலாப்பால்?"

அதையும் நக்கியது. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"இது சுத்த மோசம். வாயைத் திறக்கவே விடலை."

"அதைத்தான் தம்பி நாம தேடுறோம்," என்றது கொக்கு.

கரடி கேட்கவில்லை. ஒரு தேனடையைப் பிய்த்து வந்து விரலை விட்டு நக்கியது. அதன் கண் தானாக மூடிக்கொண்டது.

"இதுதான் நல்ல பசை," என்று, கொக்கு அலகால் எடுத்துத் தந்த எல்லாக் கல்லையும் தேனால் ஒட்டியது.

மறுநாள் காலை சிங்கம் கிரீடம் சூடியபோது காடே வாயைப் பிளந்தது. வெயில் ஏறியது. தேன் இளகியது. ஒரு கல் வழுக்கிக்கொண்டு வந்து ராஜாவின் மூக்கில் உட்கார்ந்தது.

பிறகு எறும்புகள் வந்தன. வால் வழியாக ஏறி, ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு, கல்யாண வீட்டுச் சீர்வரிசை போல இறங்கிப் போயின. அரிப்பு தாங்க முடியவில்லை. ஆனால் சபை நடுவே ராஜா சொறியலாமா?

"தொந்தியப்பா, என் கிரீடம் எங்கே போகுது?"

"புற்றுக்குள்ள, மகாராஜா."

கரடிக்கு அழுகை பொங்கியது. ஆசைப்பட்ட வேலை கண்ணெதிரே போகிறது. ஆனால் ராஜாவின் நெற்றியிலோ தேன் வழிகிறது. பாவம், கரடி என்ன செய்யும்? அத்தனை பேர் முன்னிலையில் நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கிவிட்டது.

சிங்கம் நிதானமாகச் சொன்னது.

"இனிமே நகை வேலை உனக்குக் கல் எடுத்துக் கொடுத்த கொக்குக்கு. நீ நிறுத்தாதே. பிடரியிலயும் இருக்கு."

கரடி அழுதுகொண்டே நக்கியது. எறும்பு மிச்சமில்லை, தேன் மிச்சமில்லை. கிரீட வேலையில் அது குறையில்லாமல் செய்து முடித்தது அது ஒன்றைத்தான்.

நீதி: நமக்குப் பிடித்த பொருளை அல்ல, வேலைக்கு ஏற்ற பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.