ஏழு குடை, எழுநூறு மிச்சம்

பாறையடித் தெருவில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். அப்பா சொத்தைப் பாகம் பிரித்தபோது வீட்டை எழுதினார், வாழைத் தோட்டத்தை எழுதினார், புத்தியை மட்டும் யார் பங்கிலும் எழுத மறந்துவிட்டார்.

மூத்தவன் பூலுடையானுக்கு அப்போது பெரிய கவலை. ஓட்டு வீடு, கண்ட இடத்தில் ஒழுகியது. போன மழைக்குச் சோற்றுப் பானைக்குள்ளேயே தண்ணீர் விழவும், அவன் மனைவி கோமு, "ஒழுகல் நின்னாத்தான் இனிமே இந்த வீட்டுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சமைத்தது தம்பி என்பதும் ஒரு காரணம்.

புது ஓடு வாங்கப் பணத்தைத் துண்டில் முடிந்துகொண்டு மூவரும் டவுனுக்குப் போனார்கள். ஒரு கடை வாசலில் குடைகள் தொங்கின. அட்டையில் நானூறு என்று எழுதி, குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் முந்நூறு என்று எழுதியிருந்தது. கீழே, 'ஒரு குடைக்கு நூறு ரூபாய் மிச்சம்.'

பூலுடையான் நின்றுவிட்டான். ஓடு வாங்கினால் செலவு, குடை வாங்கினால் மிச்சம். இதைக்கூட யோசிக்காமல் ஊரில் எல்லாரும் ஓடு வாங்குகிறார்களே என்று அவனுக்குப் பாவமாக இருந்தது.

நடுவுள்ளவன் நம்பித்துரைக்கு மனசு உறுத்தியது. "அண்ணே, இது நியாயமா? வாங்குறவனுக்கெல்லாம் நூறு நூறா விட்டுக் கொடுத்தா, அந்த அண்ணாச்சி பிள்ளைகுட்டி என்ன செய்யும்?"

"அவரு வயித்துல அடிக்க வேண்டாம்" என்றான் கடைக்குட்டி வண்ணமுத்து. "கையில இருக்கிற காசுக்கு மட்டும் வாங்குவோம்."

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. ஏழு குடை வாங்கினார்கள், பணம் தீர்ந்தது. பிறகு பூலுடையான் கல்லாவுக்கு முன்னால் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"மிச்சம் எழுநூறு, அண்ணாச்சி. ஓடு வாங்கணும்."

கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டு விளக்கினார். நானூறுக்கு விற்கிற குடை, உங்களுக்காக முந்நூறுக்குத் தந்தேன் என்றார். இதுவரைக்கும் யாருக்கு நானூறுக்கு விற்றீர்கள் என்று நம்பித்துரை மரியாதையாகத்தான் கேட்டான். கடைக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்ததும், "மிச்சம் எங்கிட்ட இல்லப்பா, அது உங்க வீட்டுலதான் இருக்கும், போய்ப் பாருங்க" என்று அனுப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து தேடினார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், அடுப்படியைத் தோண்டினார்கள். எங்கும் இல்லை. பார்க்காத இடம் கூரை ஒன்றுதான். ஏறி ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வண்ணமுத்து எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை, ஒவ்வொரு ஓட்டையும் உடைத்து உள்ளேயும் பார்த்தான். கடைசி ஓட்டை உடைத்தபோது மழை பிடித்துக்கொண்டது.

நானூறு ரூபாய்க் குடையை மழையில் விரிக்க யாருக்கு மனசு வரும்? ஏழையும் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மூவரும் நடுவீட்டில் நனைந்துகொண்டு நின்றார்கள். பூலுடையான் அண்ணாந்து பார்த்தான். வழக்கமாகச் சொட்டுகிற இடங்களையெல்லாம் போய்ப் பார்த்தான். ஒரு இடத்திலும் சொட்டவில்லை, எல்லா இடத்திலும் சமமாகப் பெய்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"லேய் வண்ணம், ஓடிப் போய் உங்க மதினியைக் கூட்டிட்டு வா. ஒழுகல் அடியோட நின்னுட்டுன்னு சொல்லு."

வண்ணமுத்து சந்தோஷமாகக் கிளம்பினான். போகும்போது, வீட்டுக்குள் சாரல் அடித்துவிடக் கூடாது என்று வாசற்கதவை இறுக்கிச் சாத்திவிட்டுப் போனான்.